ஆமை முதுகு மணல்

2024 ஜூலை 14, ஞாயிறு

டவுன்ஷிப்பின் பதினேழாம் வட்டத்தில் இன்று ஒரு ட்ரெட்மில் எடுத்தேன். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற குடும்பம். மாதக் கடைசி நாளில் மாலை போட்டு வழியனுப்புவார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே எனக்குப் போன் வந்துவிடும்.

"தினமும் நடப்பேன்ம்மா, ஒரு நாள் தவறினதில்ல" என்றார் அந்த சார். குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். செய்தவன் அச்சடித்த எழுத்து நடுவில் அப்படியே இருக்கிறது. கால் பட்டிருந்தால் முதலில் அழிவது அதுதான். கைப்பிடியில் மட்டும் துணி க்ளிப் கடித்த தழும்பு. தினமும் அதில் ஏறியது வேட்டியும் சட்டையும். நடக்காத மெஷினுக்கு நல்ல விலை கொடுப்பவள் நான். அவரைப் பொய்யராக்கி எனக்கென்ன லாபம்?

சில வருஷம் முன்பு அவருக்கு அதை விற்றதும் நான்தான். அதற்கு முன்னால் வேறொரு வட்டத்தில் எடுத்ததும் நான்தான். மூன்று குவார்ட்டர்ஸ் பார்த்த மெஷின்; மோட்டார் இன்னும் புதுப்பெண் மாதிரி இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோகவில்லை. நம் வீட்டு ஹாலில் இறக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இவருக்காக.

மார்ச் மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்கு வாய் கோணியது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியதால் பிழைத்தார். கால் முக்கால்வாசி வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து நடக்கிறார். இடது கை வரவில்லை. மைன்ஸில் கிரேடர் ஓட்டியவர். டம்பர் லாரி ஓடுகிற மண் ரோட்டைச் சீவிச் சீராக்குகிற பெரிய வண்டி அது. ஜனவரியில் மெடிக்கல் போர்டு. கை வந்தால் வேலை; வராவிட்டால் அன்ஃபிட் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். சோற்றுக்குக் கவலையில்லை, கடை ஓடுகிறது. ஆனால் ஐம்பத்து மூன்று வயது ஆள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வார்?

இப்போதே கைலியை மடித்துக் கட்ட முடியவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும். நான் கட்டிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கைலி தரையைக் கூட்ட, வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

ட்ரெட்மில்லில் துண்டு காய்கிறது. காயப் போட்டது இவர்.

ஜூலை 25, வியாழன்

பிசியோதெரபி தம்பி ரெஜின் வந்தான். நல்ல பையன், கடலூர்க்காரன், பொறுமைசாலி. ரப்பர் பந்தைக் கொடுத்துக் கசக்கச் சொன்னான்.

"கசக்கினா என்ன வரும்?" என்றார் இவர்.

"கை வரும் அண்ணே."

"பந்துதான் நசுங்குது."

அடுத்து கையால் சுற்றுகிற சின்ன பெடல் மெஷின். என் கடைச் சரக்குதான். "சுத்துங்கண்ணே." சுற்றினார். "இது எந்த ஊருக்குப் போவுது?" என்று கேட்டார். ரெஜினுக்குச் சிரிப்பு. எனக்கும்தான், அடக்கிக்கொண்டேன்.

அவரைக் குறை சொல்லி என்ன? எங்கள் அம்மா அப்பா முந்திரிக்காட்டுக் கூலி. அங்கே ஒருத்தர் ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார், குனிந்தால் எதையாவது பொறுக்கக் குனிவார். சும்மா ஒரு கனத்தைத் தூக்கி அதே இடத்தில் வைக்கிறதற்குக் காசு கொடுப்பார்கள் என்று எனக்கே முப்பது வயதில்தான் தெரியும். தெரிந்த அன்றே தொழிலை மாற்றினேன். பழைய கட்டில், பீரோவை விட்டு இதைப் பிடித்தேன். கட்டிலை ஜனங்கள் உபயோகிக்கிறார்கள், தேய்ந்து போகிறது. இது தேயாது.

ஊருக்கெல்லாம் விற்றுவிட்டேன். வீட்டுக்குள் ஒரு ஆளிடம் விற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மரியஜோசப் சார் கடைக்கு வந்தார். மைன்ஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசர் கிளப்பின் கோல்ஃப் மைதானத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. வந்தால் ஒரு மணி நேரம் பேச்சு; போகும்போது ஏதாவது வாங்கிப் போவார். அதனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன்.

இன்று மைதானங்களில் எத்தனை தினுசு என்று பாடம். கடலோர மைதானம் ஒன்று: மரமே இருக்காது, மணல் மேடு, காட்டுப் புல், பந்து எங்கே விழ வேண்டும் என்று காற்றுதான் தீர்மானிக்கும். பூங்கா மாதிரி ஒன்று: இரண்டு பக்கமும் மரம், பாய் விரித்த மாதிரி புல், நடுவில் குளம். மலை மைதானத்தில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. பாலைவனத்திலும் கட்டுகிறார்களாம், மணல் நடுவே அங்கங்கே பச்சைத் திட்டு.

"நம்மளோடது எது சார்?"

முகம் சுருங்கியது. "நம்மளோடது எதுலயும் சேராதும்மா. பிரௌன்."

குழியைச் சுற்றிப் புல் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே வட்டமாக மணல். அதற்குத்தான் பிரௌன் என்று பேர். ஒன்பது குழி, ஒன்பது பிரௌன். மணலில் கால் தடம் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் நீளப் பிடி போட்ட பலகையை இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் பந்தை உருட்ட வேண்டும். சாருக்கு இதில் வெட்கம். எல்லாவற்றையும் புல்லாக்கிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்கிறார்.

எனக்கு வேறு யோசனை ஓடியது. ஒவ்வொரு மைதானமும் உடம்பில் ஒவ்வொரு இடத்தைப் பிடிக்கும் அல்லவா?

"அடுத்த மாசம் மலைக்குப் போட்டிக்குப் போறீங்களே சார், தொடை தாங்குமா?"

"ஏம்மா?"

"இங்க தட்டைத் தரையில நடந்து பழகின கால். ஏத்தம் வெக்கிற ட்ரெட்மில் ஒண்ணு இருக்கு. முன்பக்கம் தூக்கிக்கும். மலை ஏறுற மாதிரியே."

வாங்கிப் போனார். சாயங்காலம் கடை வாசலில் சிலேட்டு எழுதி மாட்டினேன். மலை மைதானத்துக்கு ஏற்றம் உள்ள ட்ரெட்மில். பூங்கா மைதானத்துக்குச் சாதா. கடலோரத்துக்கு இடுப்பு உறுதி வேண்டும், துடுப்பு இழுக்கிற மெஷின். முழங்கால் வலி எல்லா மைதானத்துக்கும் பொது, ஆகவே சைக்கிள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சிலேட்டு வேலை செய்கிறது. கிளப் ஜிம்முக்கே ஒரு துடுப்பு மெஷின் கேட்டார்கள். இன்று இறக்கப் போனேன். இவரைத் தனியாக விட மனசில்லாமல் லோடு ஆட்டோவில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்று விட்டு உள்ளே போய் மெஷினைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வந்து பார்த்தால் ஆள் மரத்தடியில் இல்லை.

பிரௌன் நடுவில் நிற்கிறார். வலது கையில் பலகைப் பிடி. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கலியம்மாள். மைதானத்தைக் கூட்டிப் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு, முத்தாண்டிக்குப்பத்துக்காரி.

"எக்கா, உன் வூட்டுக்காரரா? வந்ததுலேர்ந்து என்னைத் திட்டிகினே இருக்காரு."

"யாரு இதை இப்படிச் சீவினது? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி" என்றார் இவர். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். இதைத் தெளிவாகச் சொன்னார்.

"நான்தான் சீவினேன். உங்களுக்கு என்னா? நீங்கதான் பந்து அடிக்கப் போறீங்களா?"

ஒற்றைக் கையால் இழுத்தால் பலகை கோணிக்கொண்டு போகிறது. கோடு வளைகிறது. திரும்பி வந்து மறுபடி இழுத்தார். மறுபடி கோணல். இன்னொரு தடவை. நாலாவது தடவையோ என்னவோ, இடது கை போய்ப் பிடி மேல் உட்கார்ந்தது. அவர்தான் வலது கையால் அதை எடுத்து வைத்தார், ஒரு பொருளை எடுத்து வைக்கிற மாதிரி. பிடிக்கவில்லை, சும்மா கிடந்தது. ஆனாலும் கோடு நேராக வந்தது.

ஆட்டோ டிரைவர் ஹாரன் அடித்தான். இரு என்று கை காட்டினேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

"கிளப்புல வேற மெஷின் எதுவும் இறக்கலியா?" என்று கேட்டார்.

இல்லாத மெஷினை இறக்கச் சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

தினமும் சாயங்காலம் போகிறார். ரெஜின் வந்து விரலைப் பிரித்துப் பார்த்தான். "பிடி கொஞ்சம் வருதே அண்ணே! பந்து கசக்கினீங்களா?" என்றான்.

"பந்து அங்கதான் கிடக்கு" என்றார்.

அது ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் கடை திறந்த கையோடு மரியஜோசப் சார். தொப்பி, ஒரு கையில் மட்டும் கிளவுஸ், மூச்சு வாங்குகிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செவ்வந்தி, உங்க வீட்டுக்காரர் எங்களுக்கு ஒன்பது ஆமை முதுகு கட்டிக் குடுத்திருக்காரு, தெரியுமா?"

புரியவில்லை. பிறகு சொன்னார். விடியற்காலையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், வெளியூர் விருந்தாளிகள் வேறு. பந்தைக் குழிக்கு ஓரடி தள்ளி நிறுத்தினால் நிற்கவில்லையாம். உருண்டு, உருண்டு, வட்டத்துக்கு வெளியே. எந்தப் பக்கம் போட்டாலும் வெளியே. ஒரு விருந்தாளி ஒரே குழிக்கு ஏழு தடவை தட்டிவிட்டு, மட்டையைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம்.

இவரிடம் போய்க் கேட்டேன். "என்னங்க செஞ்சீங்க?"

"கேம்பர் வெச்சேன்."

"அப்படின்னா?"

"நடு உசரம், ஓரம் தாழ்வு. மண் ரோடு போட்டா அப்படித்தான் போடணும். இல்லன்னா மழைத் தண்ணி நிக்கும். அவங்க தட்டு மாதிரி வெச்சிருக்காங்க. மழை வந்தா குளம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ரோடுன்னா தண்ணி நிக்கக் கூடாது."

அது ரோடு இல்லையே என்று நான் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷம் டம்பர் ரோடு போட்டவர் கையில் மணலைக் கொடுத்தால் வேறு என்ன வரும்? கலியம்மாளும் சொல்லவில்லையாம். "அண்ணன் நல்லாத்தானே இழுத்துகினு இருந்தாரு, எனக்கு வேலை மிச்சம்" என்கிறாள்.

இனிமேல் அவர் பிரௌன் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் சார். கத்தவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

நாற்காலி. டிவி. துண்டு.

இன்று சாப்பிடும்போது இடது கை தட்டைத் தள்ளிவிட்டது. சாம்பார் தரையில். குனிந்து துடைக்கப் போனேன், "வுடு, நான் துடைக்கிறேன்"னு கத்துறாரு. எப்படித் துடைப்பாரு? நானும் கத்திட்டேன். யாரு உன்னை அங்க கேம்பர் வெக்கச் சொன்னது, உன் மைன்ஸா அது, சொன்ன வேலையச் செஞ்சா போதாதான்னு. எழுந்து போய் வாசல்ல நின்னுகினாரு. கைலி ஓரம் பூரா சாம்பார்.

என்னத்த கத்தி என்ன ஆவப் போவுது. போர்டுக்கு நாலு மாசம் இருக்கு. விரல் மறுபடி மடங்கிகினு போவுது, கண்ணால பாக்குறேன். ஹாலில் ஒரு மெஷின் நிக்குது. நாளைக்கு அதைத் தூக்கிக் கொல்லையில போட்டாத்தான் என் ஆத்திரம் தீரும்.

செப்டம்பர் 21, சனி

ஆத்திரத்தில் வியாபாரம் செய்யக்கூடாது. இரண்டு நாள் விட்டேன். இன்று தெளிவாக இருக்கிறது.

கலியம்மாளைக் கடைக்கு வரவழைத்து டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். ஒன்பதில் எது மோசம்? ஒன்பதாவதுதான் என்றாள். பள்ளத்தில் இருக்கிறது. "ஐப்பசி பொறந்தா அதுல தவளைதான்க்கா ஆடும். தை வரைக்கும் கயிறு கட்டி மூடி வெச்சிருவாங்க."

யாரும் தொடாத சரக்கைக் கேட்டால் எதிராளிக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது. பழைய கட்டில் காலத்திலேயே கற்றது.

செப்டம்பர் 27, வெள்ளி

மரியஜோசப் சார் வீட்டுக்குப் போனேன். ஏற்றம் வைத்த ட்ரெட்மில்லைச் சர்வீஸ் பார்க்கிற சாக்கு. மலையிலிருந்து கோப்பையோடு வந்திருக்கிறார், முகம் தெளிவு. பெல்ட்டில் எழுத்து பாதி அழிந்திருந்தது. இந்த மனுஷன் உண்மையாகவே நடந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

"சார், ஒன்பதாவது பிரௌனை எங்களுக்குக் குடுங்க."

"எங்களுக்குன்னா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. மத்த எட்டையும் தொடமாட்டாரு. பதிலுக்கு கிளப் ஜிம்முல இருக்கிற எல்லா மெஷினுக்கும் இந்த வருஷம் சர்வீஸ் என் பொறுப்பு."

"ஒன்பதாவது மழையில குளம்மா."

"தெரியும் சார்."

யோசித்தார். "மெடிக்கல் லீவுல இருக்கிறவர் மணல் இழுக்கிறாருன்னு யாராவது எழுதிப் போட்டா?"

"பிசியோ தம்பி சீட்டு எழுதித் தருவான். கைக்குப் பயிற்சின்னு. அது பொய்யும் இல்லியே."

அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "குடுத்துட்டுப் போங்களேன். அதுல நீங்க ஒரு தடவையாவது ஒழுங்கா குழியில போட்டிருக்கீங்களா?" என்றார். அதோடு பேரம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. அதுல உங்க இஷ்டம்."

செருப்பைத் தேடினார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. ஹாலில் நிற்கிற ட்ரெட்மில்லுக்கும் பொட்டு வைத்தேன், துண்டை எடுத்துவிட்டு.

இவர் சந்தனக் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பலகைக்கு வைக்கவாம். வருஷா வருஷம் கிரேடருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவார். இந்த வருஷமும் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துப் போனார். பலகைக்கு ஏது சக்கரம்? கலியம்மாள் பிறகு சொன்னாள்: "காலால மிதிச்சு நசுக்கினாருக்கா. எந்தக் கால்னு கேளு. எடது கால்."

அக்டோபர் 22, செவ்வாய்

மழை ஆரம்பம். ஒன்பதாவதைப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றிலும் ஒரு முழம் அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டு, மேலே மணல் பரப்பியிருக்கிறார். ஆமை முதுகு இல்லை, யானை முதுகு. இதில் பந்து நிற்காது, எறும்பு நின்றாலே பெரிய விஷயம்.

நன்றாக இருக்கிறது என்றேன். நான் வியாபாரி, முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.

நவம்பர் 14, வியாழன்

தூறல். குடையோடு அழைத்துவரப் போனேன். தூரத்திலேயே நின்றுவிட்டேன்.

வாய்க்காலில் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறுகிறது. இவர் பார்த்தார். பலகையைக் கீழே போட்டார். குனிந்தார். இரண்டு கையாலும் கைலி ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மடித்து, இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வாய்க்காலில் இறங்கி இலையை வாரி எறிந்தார்.

அவருக்குத் தெரியவே தெரியாது, என்ன செய்தோம் என்று. கலியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். சொல்லிவிட்டால் அடுத்த தடவை யோசித்துக் கட்டுவார், யோசித்தால் வராது.

குடையை மடக்கிக்கொண்டு நனைந்தே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல். கரண்ட் இல்லை. கடைக்குள் தண்ணீர் வரவில்லை, மேடை உயர்த்திக் கட்டியது நல்லதாயிற்று. இவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. "அங்க எப்படி இருக்கோ" என்கிறார். வடலூர்ப் பக்கம் வயலெல்லாம் முழுகிக் கிடக்கிறது, இவருக்கு ஒரு வட்டம் மணல்.

டிசம்பர் 5, வியாழன்

வழி திறந்ததும் முதல் வேலையாக அங்கே போனோம். எட்டு பிரௌனிலும் தண்ணீர். நான்காவதில் பாதி மணலே இல்லை, அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்பதாவது மட்டும் சுற்றிலும் தண்ணீர் நிற்க, நடுவில் காய்ந்துபோய்த் தெரிகிறது. மேலே ஒரு கொக்கு.

மரியஜோசப் சாரும் வந்திருந்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இவரிடம் சொன்னார்: "மதிவாணன், வெளிநாட்டுல ரொம்பப் பேர் போன மைதானங்கள்ல இப்படி முதுகு வெச்சுத்தான் கட்டுவாங்க, தெரியுமா? ஆமை முதுகுன்னே அதுக்குப் பேரு. பந்தை நிறுத்துறதுக்கே தனித் திறமை வேணும்."

செப்டம்பரில் இது சாருக்குத் தெரியாதா? தெரியும். வாங்கும்போது ஆமை என்பது குறை, விற்கும்போது ஆமை என்பது பெருமை. நல்ல வியாபாரியாக வந்திருப்பார், பாவம், இஞ்சினியருக்குப் படித்துவிட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று மைதானத்தில் சாருக்கும் இவருக்கும் பேரம். மற்ற எட்டுக்கும் முதுகு வைக்கலாம், ஆனால் உயரம் எவ்வளவு?

"ரெண்டு இன்ச்சு போதும் மதிவாணன். ஆட வேணாமா?"

"ஆறு இல்லாம தண்ணி ஓடாது சார்."

"ஆறு வெச்சா நான் ஓடிடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டேன். என் கடையாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பேன். வெயில் ஏறுகிற வரை பேசி மூன்றில் நின்றார்கள். ஒன்பதாவதை மட்டும் குறைக்கமாட்டேன் என்று இவர் பிடிவாதம். சரி என்றுவிட்டார் சார். இப்போது விருந்தாளிகளை வேண்டுமென்றே அங்கே கூட்டிப்போய் ஆட விட்டு வேடிக்கை பார்க்கிறாராம்.

புல்லுப் பேச்சை அவர் இன்னும் விடவில்லை. அடுத்த வருஷம் என்கிறார்.

2025 ஜனவரி 22, புதன்

போர்டு முடிந்தது.

சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார்களாம், போட்டார். தண்ணீர்க் கூஜாவைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். நடக்கச் சொன்னார்கள். கை பாஸ். ஆனால் கண்ணைச் சோதித்ததில் இடது ஓரப் பார்வை மந்தமாம். எங்கள் யாருக்கும் இது தெரியாது, அவருக்கே தெரியாது. கிரேடர் கிடையாது, கனரக வண்டி எதுவுமே கிடையாது. ஸ்டோர்ஸில் வேலை, ஜெனரல் ஷிஃப்ட்.

அன்ஃபிட் இல்லை. அது போதும் எனக்கு. அவருக்குப் போதுமா? சாயங்காலம் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன், பலகையைத் தொடவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூரத்தில் மைன்ஸ் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்வதற்கு என்னிடம் சரக்கு இல்லை.

கலியம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். விஷயம் அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "அண்ணே, ஏழாவதுல நாய் பொரண்டுகினு போயிருக்குது. நீங்க பாக்கறீங்களா, நானே தட்டு மாதிரி சீவி வுட்டுடட்டா?"

மண்மேட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்தார்.

ஜனவரி 23, வியாழன்

"ஜெனரல் ஷிஃப்ட்டு எத்தனை மணிக்கு வுடுவாங்க?" என்று காலையில் கேட்டார். சொன்னேன். வெளிச்சம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹாலில் இருந்த ட்ரெட்மில்லை விற்றேன். புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற ஒரு ஆபீசரின் மனைவி, அம்சவல்லி. வீட்டுக்கே வந்து பார்த்தார். விவரமான பெண். குனிந்து பெல்ட்டைப் பார்த்துவிட்டார்.

"எழுத்தே அழியலையே. யாரும் நடக்கலையா?"

"இல்லம்மா. துணிதான் காஞ்சுது."

"உண்மையச் சொல்றீங்களே."

"நடக்காத மெஷின்னா விலை கூடத்தான் கேட்பேன்."

சிரித்தார். "அப்ப ஏன் விக்கிறீங்க? வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு வாங்கினதா சொன்னாங்களே."

"அவர் நடக்க ஆரம்பிச்சுட்டாரு. அதான் விக்கிறேன்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. விலை பேசி முடித்தோம்.

லோடு ஆட்டோக்காரன் துணைக்கு ஆள் இல்லாமல் வந்து நின்றான். யாரையாவது கூப்பிடுகிறேன் என்று நான் போனை எடுப்பதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்தார். கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கைலியை மடித்துக் கட்டினார். முன்பக்கம் ஆட்டோக்காரன், பின்பக்கம் இவர்.

ஹால் பெரிதாகத் தெரிகிறது. துவைத்த துணி வாளியில் அப்படியே இருக்கிறது, போட இடமில்லை. நாளை கொடிக்கயிறு வாங்க வேண்டும்.